"அப்பா நரகத்துக்குப் போவாரா?" என்று கேட்கும் 7 வயது மகள்

கேள்வி: நாசரேத் பக்கம் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வளர்ந்தவள் நான். கணவர் மதுரைக்காரர், இந்து. இரண்டு வீட்டாரும் சமாதானமாகி வருஷம் பத்தாகிறது. இப்போது அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். செப்டம்பரில் அவள் பையில் ஒரு ஃபாரம் வந்தது. புதன்கிழமை பள்ளி விட்டதும் நூலக அறையில் பைபிள் கிளப், கட்டணம் கிடையாது, தின்பண்டம் உண்டு என்று போட்டிருந்தது. நம்மூர் சண்டே ஸ்கூல் மாதிரிதானே என்று கையெழுத்துப் போட்டேன். பகலிலும் வாரம் ஒருநாள் பைபிள் வகுப்புக்கு பஸ்ஸில் அழைத்துப் போகிறார்களாம். அதற்கும் கையெழுத்துப் போட்டேனா என்று நினைவில்லை. மூன்று மாதத்தில் பிள்ளை ஆளே மாறிவிட்டாள். "என் ஹார்ட் கறுப்பா இருக்கா?" என்கிறாள். ஒன்றும் செய்யாமலேயே "சாரி ஜீசஸ்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள். படுக்கப் போகும்போது "அப்பா நரகத்துக்குப் போவாரா?" என்று அழுகிறாள். விளக்கேற்றும் அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கிறாள். போன வாரம் கூடப் படிக்கும் குஜராத்திப் பெண்ணிடம் "நீ நெருப்புக்குத்தான் போவே" என்று சொல்லிவிட, டீச்சர் ஃபோன் செய்தார். கணவர் கோபத்தில் "இனி சர்ச்சும் வேண்டாம்" என்கிறார். அரசுப் பள்ளிக்குள் இதை எப்படி விடுகிறார்கள்? நிறுத்தினால் பிள்ளை மனது உடைந்துபோகுமா? அவள் கேட்பதற்கு என்ன சொல்ல? எனக்கே பதில் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

— ஒரு தாய், கொலம்பஸ் அருகில்

பதில்: சட்டமும் ஃபாரமும் இரண்டு நாள் காத்திருக்கும். இன்றைக்கே கவனிக்க வேண்டியவள் உங்கள் மகள்.

அவள் அழுவது நரகத்தை நினைத்து மட்டுமல்ல. அப்பாவைக் காப்பாற்றும் வேலை தன்னுடையது என்று நம்பிவிட்டாள். கையைப் பிடித்து இழுப்பதும் தோழியை எச்சரித்ததும் அதனால்தான். பெற்றோர் பலர் இதைத் திமிராகவோ மதவெறியாகவோ எடுத்துக்கொண்டு அதட்டுகிறார்கள். அப்போது குழந்தை, "நான் சொன்னதில் தப்பில்லை, சரியாகச் சொல்லத் தெரியவில்லை" என்று முடிவு கட்டிக்கொண்டு இன்னும் அழுத்திச் சொல்லும். எனவே முதலில் அந்தப் பொறுப்பை அவள் தலையிலிருந்து இறக்கிவையுங்கள். இயேசு இருக்கிறாரா, நரகம் உண்டா என்ற விவாதத்துக்குள் இப்போது போகவே வேண்டாம்.

கிளப்பின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் இந்த வகையில் பரவலாக இருப்பது 'குட் நியூஸ் கிளப்'. ஜெஸ்ஸி ஓவர்ஹோல்ட்சர் என்பவர் 1937-இல் தொடங்கிய 'சைல்ட் எவாஞ்சலிசம் ஃபெல்லோஷிப்' அதை நடத்துகிறது. மிசௌரி மாநிலத்தில் வாரன்டன் அதன் தலைமையிடம். 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம் நடக்கும். பாட்டு, மனப்பாட வசனம், பைபிள் கதை, விளையாட்டு, பரிசு, தின்பண்டம். பார்வைக்கு சண்டே ஸ்கூல்தான். வித்தியாசம் கதை முடிகிற இடத்தில் இருக்கிறது. அங்கே ஓர் அழைப்பு வரும். கண்ணை மூடித் தலையைக் குனியச் சொல்வார்கள். இயேசுவை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கையை உயர்த்தவோ, முடிந்ததும் ஆசிரியரிடம் தனியாக வரவோ சொல்வார்கள். நீங்கள் வளர்ந்த சபையில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பதின்ம வயதில் வகுப்பு வைத்துத் திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கு) நடத்துவார்கள். நடுவில் இருக்கும் வருஷங்களில் பிள்ளை சபையின் மடியில் சும்மா வளரும். அந்த வருஷங்களில்தான் தனிப்பட்ட தீர்மானம் எடுக்கப்பட வேண்டும் என்பது சுவிசேஷம் பரப்பும் இவாஞ்சலிக்கல் ஊழியங்களின் நம்பிக்கை. '4/14 ஜன்னல்' என்று அவர்களிடையே ஒரு பேச்சே உண்டு. 4 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில்தான் மனம் திறந்திருக்கிறது என்பது அதன் பொருள். நீங்கள் கையெழுத்துப் போட்டது இதற்குத்தான். ஃபாரத்தில் 'பைபிள் பாடம்' என்று மட்டும் எழுதியிருந்தால், உங்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

'ஹார்ட் கறுப்பு' வந்த வழி எழுத்தில்லாப் புத்தகமாக இருக்கலாம். நம்மூர் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் (வி.பி.எஸ்.) பார்த்திருப்பீர்கள். ஒரு சொல்லும் இல்லாத, வண்ணப் பக்கங்கள் மட்டும் உள்ள சின்னப் புத்தகம். 1866-இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற பிரசங்கியார் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்ற மூன்று வண்ணங்களை வைத்துப் பிரசங்கம் செய்தார். பொன்னிறமும் பச்சையும் பிற்பாடு சேர்ந்தவை. கறுப்பு பாவம், சிவப்பு இரத்தம், வெள்ளை கழுவப்பட்ட இருதயம், பொன் பரலோகம், பச்சை வளர்ச்சி. பெரியவர்களுக்கு இது உவமை. 7 வயதில் உவமை அப்படியே போய் உட்காராது. 'உன் இருதயம் கறுத்திருக்கிறது' என்றால் நெஞ்சுக்குள் ஒரு கறுப்புப் பொருள் இருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். 1960-களில் இங்கிலாந்தில் ரொனால்ட் கோல்ட்மன், எரியும் முட்செடி, செங்கடல் பிளந்தது போன்ற பைபிள் கதைகளைச் சொல்லிப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு ஆராய்ந்தார். பத்து வயதைத் தாண்டிய பிறகும் பலர் சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருளே கொள்கிறார்கள் என்று அவர் கண்டார். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஊரில் வெள்ளைத் தோல் பிள்ளைகளுக்கு நடுவே மாநிறத்தோடு உட்கார்ந்திருக்கும் குழந்தை, 'கறுப்புப் பக்கம்' என்பதைத் தன் தோலோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். நீங்களாக ஆரம்பித்துக் கேட்க வேண்டாம். அவள் வரையும் படங்களில் தன்னை எந்த நிறத்தில் தீட்டுகிறாள் என்று மட்டும் பாருங்கள்.

இந்த வயதில்தான், செத்தவர் திரும்பி வர மாட்டார், எல்லாரும் ஒருநாள் சாவார்கள் என்பதெல்லாம் உறைக்கத் தொடங்கும். நரகத்தைப் பற்றிக் கேட்காத பிள்ளையும் 6, 7 வயதில் "அம்மா, நீ சாவியா?" என்று கேட்கும். அந்தப் பயம் முளைவிடும் நேரத்தில் நரகமும் வந்து சேர்ந்தால் இரண்டும் பின்னிக்கொள்கின்றன. உங்கள் மகளின் அழுகையில் பாதி, அப்பாவைப் பிரிய வேண்டியிருக்குமோ என்ற சாதாரணப் பிள்ளைப் பயம்.

"சாரி ஜீசஸ்" நிற்காமல் ஓடுவதற்கும் காரணம் உண்டு. அழைப்பின்போது "மனதார ஜெபித்தால்" என்று ஒரு நிபந்தனை சொல்லப்படும். தான் மனதாரச் சொன்னோமா என்று அளந்து பார்க்கக் குழந்தையிடம் அளவுகோல் ஏது? சந்தேகம் வரும், மறுபடி சொல்லும், மறுபடி சந்தேகம் வரும். பெரும்பாலான பிள்ளைகளிடம் இது சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். பதற்றச் சுபாவம் உள்ள பிள்ளைகள் சிலரிடம் மட்டும் கெட்டிப்பட்டு, எண்ணச் சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) தொடக்கமாகிவிடலாம்.

இனி என்ன செய்வது என்று பார்ப்போம்.

பேச்சைப் படுக்கையில் தொடங்காதீர்கள். விளக்கை அணைத்த பிறகு நடக்கும் எந்த நரகப் பேச்சும் பயத்தைக் கூட்டும். பேசினால் அம்மா கூடவே இருப்பாள் என்ற பழக்கத்தையும் உண்டாக்கிவிடும். பள்ளி விட்டு வந்து ஏதாவது தின்று முடித்ததும், மாலை 5 மணி வாக்கில் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். கை ஏதாவது வேலையில் இருக்கட்டும். படம் வரையலாம், பட்டாணி உரிக்கலாம். முதல் நாள் நீங்கள் கேட்க மட்டும் செய்யுங்கள். "கிளப்புல அன்னைக்கு என்ன கதை சொன்னாங்க?", "அதைக் கேட்டப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்பது போதும். "அவங்க உன்னைப் பயமுறுத்துனாங்களா?" என்று கேட்காதீர்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும். அவள் சொல்வதை அன்றிரவே அவள் சொன்ன சொற்களிலேயே தேதி போட்டுக் குறித்துவையுங்கள். பள்ளியிடம் பேசும்போது தேவைப்படும்.

அப்பாவைப் பற்றிய கேள்விக்குப் பதிலை அப்பாவே சொல்ல வேண்டும். நீங்கள் அவர் சார்பில் சொன்னால், அவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் பேசப்படும் பெரிய ரகசியம் ஏதோ இருப்பதாகத் தோன்றும். அவர் சொல்வது சுருக்கமாக இருக்கட்டும். "நான் வேற மாதிரி சாமி கும்பிடுறேன். அது நான் பெரியவனா யோசிச்சு முடிவு பண்ணினது. என்னைக் காப்பாத்துறது உன் வேலை இல்லடா. உன்னைப் பாத்துக்கிறதுதான் என் வேலை." இதில் கிளப்பைப் பற்றியோ கிறிஸ்தவத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை, இருக்கவும் கூடாது. "அவங்க சொல்றதெல்லாம் பொய்" என்றால், கிளப்பில் தன்னை அன்பாக நடத்திய ஆன்ட்டிக்கும் அப்பாவுக்கும் நடுவில் பிள்ளை யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்த ஆன்ட்டி அன்பாகத்தான் இருந்திருப்பார். அவரும் தாம் ஓர் உயிரைக் காப்பதாகவே நம்புகிறார்.

அடுத்தது உங்கள் பங்கு. 'எனக்கே பதில் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் மிகக் கனமான வரி அதுதான். நம்பாத ஒன்றைப் பிள்ளைக்காகச் சொல்லாதீர்கள். குரலிலேயே அது கண்டுபிடித்துவிடும். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். "அப்பா விஷயம் கடவுள் கையில இருக்கு. அப்பா எவ்வளவு நல்லவர்னு உன்னைவிட அவருக்கு நல்லாத் தெரியும். சின்னப் பிள்ளைங்க கையில இதை அவர் குடுக்கல." உங்கள் வேதாகமத்திலேயே மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் பிள்ளைகளைக் கொண்டுவரும் இடத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். அங்கே பிள்ளைகளிடம் எந்தத் தீர்மானமும் கேட்கப்படுவதில்லை. அணைத்து, கை வைத்து, ஆசீர்வதிப்பதோடு முடிந்துவிடுகிறது. அதை அவளுக்குப் படித்துக் காட்டலாம். உங்கள் மனதில் கணவரைப் பற்றி உறுத்தும் கேள்விக்கு நம்பாத கணவனோடு வாழும் மனைவியைப் பற்றிச் சொல்லும் 1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரத்தை முன்வைத்துப் பேசக்கூடிய போதகர் ஒருவரைத் தனியாகப் பாருங்கள். பிள்ளையின் காதுக்கு எட்டாத இடத்தில் பேசுங்கள்.

அதே கேள்வியை அவள் நாளைக்கும் கேட்பாள். ஒரே இரவில் நாலு தடவையும் கேட்பாள். முதல் தடவை முழுப் பதில் சொல்லுங்கள். இரண்டாம் தடவை, "நேத்து அப்பா என்ன சொன்னார், நீ சொல்லு பாப்போம்" என்று அவள் வாயிலிருந்தே வரவழையுங்கள். மூன்றாவதற்கு, "இதை நாளைக்குச் சாயங்காலப் பேச்சுல வெச்சுக்கலாம்" என்று தள்ளிவையுங்கள். கேட்கும்போதெல்லாம் "இல்லம்மா, போக மாட்டார், சத்தியமா" என்று தேற்றிக்கொண்டே இருந்தால் அந்தத் தேறுதலே அவளுக்குப் பழக்கமாகிவிடும். அது அரிப்பைச் சொறிவது மாதிரி, அந்த நேரத்துக்கு அடங்கும், பிறகு கூடும்.

முணுமுணுப்பைத் தடுக்கவும் வேண்டாம், கேலி செய்யவும் வேண்டாம். இரவு ஜெபத்தை நீங்களே கூட இருந்து சொல்லி, "ஒரு தடவை சொன்னாப் போதும், கடவுளுக்குக் காது நல்லாக் கேக்கும்" என்று அதோடு முடித்துவிடுங்கள். பகலில் சொன்னால் கவனிக்காத மாதிரி வேறு வேலைக்குத் திருப்புங்கள். தூக்கத்துக்கு, முதல் மூன்று இரவு கட்டிலோரம் நாற்காலி போட்டு உட்காருங்கள். அடுத்த மூன்று இரவு நாற்காலியை அறை நடுவுக்கும், பிறகு வாசலுக்கும் நகர்த்துங்கள். ஒரு வாரத்துக்கு மேல் அவளை உங்கள் படுக்கையில் போட்டுக்கொண்டால் திரும்ப அனுப்ப இரண்டு மாதம் ஆகும்.

கிளப்பை நிறுத்தலாமா என்றால், உங்கள் மகள் விஷயத்தில் நிறுத்துங்கள் என்பதே என் கருத்து. தூக்கம் கெட்டு, தோழமை கெட்டு, அப்பாவிடம் பயம் வந்த பிறகு "போகப் போகச் சரியாகிவிடும்" என்று பார்த்துக்கொண்டிருப்பது சரியல்ல. ஆனால் நிறுத்தும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அவள் அழுத மறுநாளே நிறுத்தினால், "நான் அழுததால்தான் போச்சு, இயேசுவைக் கைவிட்டுவிட்டேன்" என்று அதையும் ஒரு பாவமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வாள். முடிவு உங்களுடையது, காரணமும் பெரியவர்களுடையது என்று சொல்லுங்கள். "புதன்கிழமை நாம வேற ஒண்ணு பண்ணப் போறோம். இயேசுவைப் பத்தி நம்ம வீட்டுலயும் சர்ச்சுலயும் படிக்கலாம்." அந்த 'வேற ஒண்ணு' முதல் புதனுக்கே தயாராக இருக்க வேண்டும், நீச்சல், நூலகம், தோழி வீடு எதுவானாலும் சரி. தின்பண்டமும் பரிசும் பாட்டும் தோழிகளும் ஒரே நாளில் போய்விட்டால் அந்த இழப்பும் பெரிய விஷயம்தான். கிளப்பில் வாங்கிய பரிசுகளையும் வண்ணப் புத்தகத்தையும் பிடுங்காதீர்கள். கணவர் ஆத்திரத்தில் குப்பையில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதை அவள் அப்பா இயேசுவையே எறிந்ததாகப் பார்ப்பாள்.

கிளப் பொறுப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். மகளின் பெயர், வகுப்பு, எந்தத் தேதி முதல் வரமாட்டாள், அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன், இனி அஞ்சலிலோ பரிசாகவோ எதுவும் அனுப்ப வேண்டாம் என்று நாலைந்து வரி. காரணம் எழுத வேண்டியதில்லை. எழுதினால் விவாதம் தொடங்கும். நகலைப் பள்ளி முதல்வருக்கும் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். அலுவலகத்துக்குத் தனியாக, 'புதன்கிழமை மகள் பஸ்ஸில் வருவாள்' என்றோ 'நாங்கள் வந்து அழைத்துக்கொள்கிறோம்' என்றோ எழுதிக் கொடுங்கள். வழக்கமாகத் தவறு நடக்கும் இடம் இதுதான். கிளப் பட்டியலில் பெயர் எடுபட்டிருக்கும், பள்ளி விடும் நேரப் பட்டியலில் எடுபட்டிருக்காது. பிள்ளையைப் பழக்கத்தில் நூலகத்துக்கே அனுப்பிவிடுவார்கள். முதல் இரண்டு புதன்கிழமை நீங்களே வாசலில் நில்லுங்கள்.

பகல் வகுப்பு தனிச் சமாச்சாரம். பள்ளி நேரத்திலேயே பெற்றோர் அனுமதியோடு பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே அழைத்துப் போய் மத வகுப்பு நடத்துவது அது. ஒஹையோவில் தொடங்கி வேகமாகப் பரவிய 'லைஃப்வைஸ் அகாடமி' இந்த வகை. ஒஹையோ சட்டப்படி பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும், அரசுப் பணம் செலவாகக் கூடாது, அழைத்துப் போவது நடத்துகிறவர்களின் பொறுப்பு, முக்கியப் பாடவேளையை விட்டுப் போகக் கூடாது. 2025 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்துக்குப் பிறகு, இதற்கான கொள்கையைப் பள்ளி மாவட்டங்கள் வைத்தே ஆக வேண்டும். எனவே "எங்கள் பள்ளியில் அப்படி எதுவும் இருக்காது" என்று இருந்துவிடாதீர்கள். மகள் பெயரில் எந்தெந்த ஒப்புதல் கோப்பில் இருக்கிறது என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு நகல் வாங்குங்கள். கிளப்புக்குக் கொடுத்த விலகல் கடிதம் பகல் வகுப்புக்குச் செல்லாது; அதற்குத் தனியாக எழுத வேண்டும். விலகிய பிள்ளை அந்த நேரத்தில் வகுப்பில் என்ன செய்யும் என்பதையும் டீச்சரிடம் கேளுங்கள். பாதி வகுப்பு பஸ் ஏறிப் போக, மீதிப் பேர் பொழுதுபோகாமல் உட்கார்ந்திருந்தால் பிள்ளைக்கு அது தண்டனையாகத் தெரியும்.

அரசுப் பள்ளியில் எப்படி அனுமதிக்கிறார்கள் என்று கணவர் கொதிப்பது புரிகிறது. ஆனால் கிளப்பையே மூடச் சொல்லி அவர் முதல்வரிடம் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவார். 1948-இல் இல்லினாய் மாநிலம் ஷாம்பெய்ன் நகர வழக்கில், பள்ளி நேரத்தில் பள்ளிக்குள்ளேயே மத வகுப்பு நடத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1952-இல் நியூயார்க் வழக்கில், பள்ளிக்கு வெளியே என்றால் நடத்தலாம் என்றது. பள்ளி விட்ட பிறகு பள்ளிக் கட்டடத்திலேயே நடத்துவது பற்றிய வழக்கு நியூயார்க் மாநிலத்தின் மில்ஃபர்ட் என்ற சிற்றூரிலிருந்து போனது. 2001-இல் 6-க்கு 3 என்ற கணக்கில் கிளப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மற்ற அமைப்புகளுக்கு அறை கொடுக்கும் பள்ளி, மதக் கண்ணோட்டம் என்பதற்காக ஒருவருக்கு மட்டும் கதவைச் சாத்தக் கூடாது. பெற்றோர் அனுமதியோடுதான் பிள்ளைகள் வருகிறார்கள், எனவே கட்டாயம் என்று சொல்ல முடியாது என்றது பெரும்பான்மை. நீதிபதி சூட்டர் மாறுபட்டார்: அங்கே நடப்பது ஒரு கோணத்தில் பாடம் சொல்வதல்ல, பிள்ளைகளை மதத் தீர்மானத்துக்கு அழைக்கும் வழிபாடு என்றார். குழந்தைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு அவர் சொன்னது உறைக்கும். ஆனால் செல்லுபடியாவது பெரும்பான்மைத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் 2016 முதல், சாத்தானைக் குறியீடாகக் கொண்ட 'சாத்தானிக் டெம்பிள்' அமைப்பும் சில பள்ளிகளில் தன் கிளப்பை நடத்தக் கேட்கிறது. இடம் மறுத்த பென்சில்வேனியாவின் சாக்கன் வேலி பள்ளி மாவட்டம் 2023-இல் வழக்குச் செலவாக 2,00,000 டாலர் கொடுத்து சமரசம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. வார இறுதியில் உங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி அரசுப் பள்ளி வகுப்பறையில் நடக்கிறதென்றால், அதற்கும் எல்லாருக்கும் ஒரே விதியில் இடம் கொடுக்கும் ஏற்பாடுதான் காரணம்.

ஆகவே மூடச் சொல்லாமல், விதி மீறல் இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பு நேரத்தில் டீச்சர் "கிளப்புக்கு வாங்க" என்று அழைத்தாரா? கிளப் பரிசை வகுப்பில் வைத்துப் பாராட்டினாரா? ஃபாரத்தில் 'இது பள்ளியின் நிகழ்ச்சி அல்ல' என்ற வரி இருந்ததா? பள்ளி விட்டதற்கும் கிளப் தொடங்குவதற்கும் இடையில் இடைவெளி உண்டா, மணி அடித்ததும் டீச்சரே வரிசையாகக் கூட்டிப் போகிறாரா? 7 வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டடத்துக்குள் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் 'டீச்சர்'தான். இந்த இடைவெளியும் அந்த ஒரு வரியும் அதனால் முக்கியம். எல்லா வெளி அமைப்புகளுக்கும் ஒரே மாதிரி இந்த நிபந்தனைகளைப் பள்ளி விதிக்கலாம். வகுப்பாசிரியரே கிளப்பிலும் உட்கார்ந்திருந்தால் உடனே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. தெற்கு டக்கோட்டா வழக்கில் 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வேலை நேரம் முடிந்த பிறகு அது அவருடைய சொந்த உரிமை என்றது. கோரிக்கையை ஒரு பக்கத்துக்குள், நடந்தது, தேதி, என்ன வேண்டும் என்ற வரிசையில் எழுதுங்கள். 'மதமாற்றம்' என்ற சொல்லைத் தலைப்பில் போட்டால் படிக்கிறவர் உடனே வழக்கறிஞரைத் தேடுவார். 'அனுமதிப் படிவத்தில் முழு விவரம்' என்று போட்டால் வேலை நடக்கும். கண்ணை மூடி அழைப்பு விடுக்கும் பகுதி உண்டு, நரகம் பற்றிப் பேசப்படும் என்று படிவத்திலேயே எழுதியிருந்தால் உங்களைப் போன்ற கிறிஸ்தவத் தாய்மாரே யோசித்துக் கையெழுத்திடுவார்கள். கிளப்பிடமும் இதைக் கேட்கலாம்.

குஜராத்திப் பெண்ணின் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தத் தாயை நீங்களே கூப்பிட்டு, "என் பொண்ணு பயத்துல சொல்லிட்டா, தப்புதான், வீட்டுல பேசிட்டோம்" என்று சொல்லுங்கள். மகளை இழுத்துப்போய் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள்; ஏற்கெனவே நாளெல்லாம் 'சாரி' சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளை அவள். "நீ அவளுக்கு நல்லது பண்ணத்தான் நினைச்சே. ஆனா அவ பயந்துட்டா. மத்தவங்க சாமியைப் பத்தி அவங்களாக் கேட்டாத்தான் பேசணும்" என்று ஒரு விதி சொல்லிக் கொடுங்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து விளையாட ஒரு சனிக்கிழமை ஏற்பாடு செய்தால் போதும்.

கணவரிடம் ஒரு வார்த்தை. கிளப்பின் தவறுக்காக சர்ச்சுக்குப் போவதை நிறுத்தினால் மகள் பார்வையில் அப்பா இயேசுவுக்கு எதிரி ஆகிவிடுவார். அவளுடைய பயம் நிஜமாகிவிடும். அவரும் ஒரு ஞாயிறு பின் வரிசையில் வந்து உட்காரட்டும். நீங்களும் அவர் விளக்கேற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். கும்பிட வேண்டும் என்று கட்டாயமில்லை. நிற்பதை மகள் பார்த்தால் போதும்.

மருத்துவ உதவி எப்போது? கிளப்பை நிறுத்தி, மேலே சொன்னபடி நாலு வாரம் நடந்தும் தூக்கம் திரும்பவில்லை என்றால், குழந்தை மருத்துவரிடம் சொல்லி மனநல நிபுணருக்குப் பரிந்துரை வாங்குங்கள். முணுமுணுப்பும் மன்னிப்புக் கேட்பதும் சேர்ந்து ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலும், சாப்பாடு குறைந்தாலும், வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுத்தாலும் நாலு வாரம் காத்திருக்க வேண்டாம். "நான் கெட்டவ, நான் இருக்கவே கூடாது" என்ற மாதிரி ஒரு சொல் வந்தாலும் அன்றைக்கே 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். நிபுணரைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: சிறுபிள்ளைகளின் எண்ணச் சுழற்சி நோய்க்குப் படிப்படியாகப் பயத்தைச் சந்திக்க வைக்கும் நடத்தைச் சிகிச்சை செய்த அனுபவம் உண்டா? மத நம்பிக்கையை நோயாகப் பார்க்காமல் வேலை செய்வீர்களா? இரண்டாவதற்குத் தயங்குகிறவரிடம் போக வேண்டாம். "ஜெபித்தால் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்கிறவரிடமும் வேண்டாம். பள்ளியிலேயே ஆலோசகர் இருந்தால் கட்டணமில்லாமல் பார்க்கலாம்.

கோடையில் உங்கள் தமிழ்ச் சபையில் வி.பி.எஸ். வந்தால் அதற்கு முன்பே பொறுப்பாளரைப் பாருங்கள். 8 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தீர்மான அழைப்பு உண்டா, நரகக் கதை எந்த நாளில் வருகிறது, பெற்றோர் பின்னால் உட்காரலாமா, பிள்ளையோடு தனியாகப் பேசும்போது இரண்டு பெரியவர்கள் இருப்பார்களா என்று கேளுங்கள். "வீட்டில் சொல்லாதே" என்ற பேச்சு எங்காவது வந்தால் அந்த இடத்துக்கு அதோடு முற்றுப்புள்ளி. ஆகஸ்டில் புதிய வகுப்புக்கான படிவக் கட்டு வரும்போது ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்துப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். போன வருஷம் விலகியது இந்த வருஷத்துக்கும் செல்லும் என்று இருந்துவிடாதீர்கள்.